ஆயாவை மட்டும் மாற்றிக் கொடுங்கள்

திருத்தணி மலையில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. 2021 செப்டம்பரில் இங்கேயும் திருச்செந்தூரிலும் சமயபுரத்திலும் ஒன்றாகத் தொடங்கிய ஏற்பாடு. பந்தியில் உட்காருகிறவர்கள் நகரிக்காரர்கள், சென்னைக்காரர்கள், பள்ளிப்பட்டு நெசவாளிகள், திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயிகள். சாம்பார் தாளித்தது எந்தத் தெருக்காரர் என்று அவர்களில் ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. கோயில் சமையல் என்றால் மனசு தானாகவே ஒரு கணக்குப் போட்டு நிம்மதியாகிவிடும் என்பீர்கள். சரி, அதே பக்தர் மலையை விட்டு இறங்கி, திருப்பதி சாலையோரம் காரை நிறுத்திப் பரோட்டா தின்கிறாரே, அந்த மாவைப் பிசைந்த கை யாருடையது? பிரியாணி அண்டாவைக் கிளறியவர் எந்த மாநிலம், எந்தச் சாதி? தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் தோன்றாது. பசி நேரத்தில் நம் ஆள் பெரிய சமத்துவவாதி.

அவர் பெற்ற மூன்று வயசுப் பிள்ளை பால்வாடியில் தின்னப்போகும் ஒரு கைப்பிடிச் சோற்றுக்குத்தான் விசாரணைக் கமிஷன். அரிசி எந்த ரகம், பருப்பு வெந்ததா, முட்டை நாறுகிறதா என்ற கேள்வியெல்லாம் இல்லை. ஆயா எந்தத் தெரு?

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் கோப்புகளைப் புரட்டிப் பார்க்கலாம். 2019 ஜூன் மாதம் மதுரை மாவட்டம் வலையப்பட்டி அங்கன்வாடிக்குப் பட்டியல் சாதிப் பெண்கள் இரண்டு பேரை நியமித்தார்கள். அவர்கள் கரண்டி பிடித்துச் சில நாள்கூட ஆகவில்லை, ஊரின் ஆதிக்க சாதியார் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்கள். அனுப்பாத பெற்றோரிடம் அரசு என்ன கேட்டது? ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பெண்களையும் வேறு ஊர்களுக்கு மாற்றியது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான், அப்படி ஒரு ஊர் இருப்பதே தலைநகரத்துக்குத் தெரிந்தது.

அதற்கு முந்தைய வருடம், 2018 ஜூலையில், அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம். அங்கே நடந்தது அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில். அருந்ததியர் பெண் ஒருவர் சமையலராக வந்ததும் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் உடனே அவரைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பி ஆணை போட்டார்கள். அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு அந்த ஆணை ரத்தானது, வழக்கும் பதிவானது. தீர்ப்பு வந்தது 2025 நவம்பரில். ஆறு பேருக்கு இரண்டாண்டு சிறை. அதாவது, மாற்றல் ஆணைக்கு மணிக்கணக்கு, நீதிக்கு ஏழு வருடக் கணக்கு. அந்த வருடம் பால்வாடியில் சேர்ந்த பிள்ளை தீர்ப்பு வருவதற்குள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கும். வேறு யார் கற்றுக்கொண்டார்களோ இல்லையோ, சமையல்காரியை எப்படி விரட்டுவது என்று அது கற்றுக்கொண்டிருக்கும்.

நம் மாவட்டத்துக்காரர்கள் பெருமூச்சு விட வேண்டாம். அது மதுரை, இது கொங்கு என்று எல்லைக்கல் நட்டுத் தப்பிக்க முடியாது. பத்திரிகையில் வந்தது இந்த ஊர்கள், அவ்வளவுதான். ஆயாவாக விண்ணப்பித்த பெண்ணை நியமனத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய், "வேணாம்மா, உனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு" என்று நல்லதனமாகப் பேசி விலக்கிவிடும் ஊர்கள் செய்தியில் வருவதே இல்லை. அங்கெல்லாம் நல்லிணக்கம் தழைத்து ஓங்குவதாகத்தான் அறிக்கை போகும்.

அமைதிப் பேச்சுவார்த்தை என்று ஒரு சடங்கு உண்டு. பஞ்சாயத்து அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். பெரியவர்கள், பி.டி.ஓ., தாசில்தார், இன்ஸ்பெக்டர் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். ஆயா கதவோரம் நிற்பார். கூட்டமே அவரைப் பற்றித்தான், ஆனால் டீ டம்ளர் அவர் பக்கம் வராது. எந்த ஊர் என்று சொல்லத் தேவையில்லாத அளவுக்கு வசனம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்:

"சாதியெல்லாம் இந்த ஊர்ல யாரும் பாக்கறதில்ல சார். அண்ணன் தம்பியாத்தான் பழகுறோம்."

"அப்புறம் என்னய்யா பிரச்சனை?"

"கொழந்தைங்க சாப்பிட மாட்டேங்குதுங்க சார். அதுங்களுக்கு ஒத்துக்கல."

"சமையல் சுத்தமா இல்லையா?"

"சுத்தத்துக்கு ஒரு கொறையும் சொல்ல முடியாது சார். ஆனா பாருங்க... ஆயாவை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அதிகாரி கதவுப் பக்கம் திரும்புவார். அந்த அறையில் ஒருமையில் பேசப்படும் ஒரே ஆள் அங்கேதான் நிற்கிறார்.

"ஏம்மா, பக்கத்து ஊர்ல எடம் காலியா இருக்கு. பஸ் வசதியும் இருக்கு. உனக்கும் நிம்மதிதானே?"

நிம்மதி! பஸ் கட்டணத்தையும் அவமானத்தையும் அவள் தலையில் கட்டி, அதற்கு நிம்மதி என்று பெயர் வைக்கிறார் பாருங்கள், இவருக்குத்தான் மாநில அளவில் தலைமைப் பண்புப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். குளிர்சாதன அறை, கோப்பு, பேனா, குழு விளையாட்டு, மதியம் பந்தி. பயிற்சியின் கடைசி மணி நேரத்தில் "அனைவரையும் உள்ளடக்கிய அணுகுமுறை" பற்றி ஒரு படக்காட்சி. அதில் பல நிறக் கைகள் கோத்துக்கொண்டிருக்கும். கைகளோடு படம் முடிந்துவிடும். அந்தக் கையால் சமைத்ததைச் சாப்பிடுவாயா என்ற கேள்வி அடுத்த படக்காட்சியில் வருமோ என்னவோ, அதற்குள் எல்லோரும் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஆணை வரும். "நிர்வாக நலன் கருதி." தமிழில் இதைவிடக் கோழையான மூன்று சொற்களை நான் படித்ததில்லை.

சாப்பிட மாட்டேன் என்கிறதாம் குழந்தை. அந்தக் குழந்தையை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்க்க வேண்டும். திருத்தணிக்கு வெளியே, விசைத்தறிச் சத்தம் விடாமல் கேட்கும் தெரு ஒன்றில் ஒரு பால்வாடி. சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி, பெருக்கல் வாய்ப்பாடு. எதற்கு இந்த வயசுக்கு வாய்ப்பாடு என்று கேட்டால், பெயின்டர் அடுத்த பள்ளிக்கூடத்துச் சுவரும் இதுதான் என்று நினைத்துவிட்டாராம். பாயில் பிள்ளைகள். கலவை சாதத்தில் இருக்கும் கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பக்கத்துப் பிள்ளையின் தட்டில் போடுகிறது ஒன்று. பக்கத்துப் பிள்ளை அதை எடுத்து அதற்குப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளுகிறது. முட்டை நாளென்றால் மஞ்சள் கரு வேண்டாத பிள்ளையும் வெள்ளைக் கரு வேண்டாத பிள்ளையும் ஒரு வார்த்தை பேசாமல் பண்டமாற்று முடித்துக்கொள்கின்றன. அந்த எச்சில் எத்தனை சாதியைத் தாண்டியது என்று எண்ண ஆரம்பித்தால் ஊர்ப் பெரியவர்கள் மயக்கம் போட்டு விழுவார்கள்.

ஆயா மூலையில் ஒரு பிள்ளையைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார். அதற்குக் காது கேட்காது. தட்டை விரலால் இரண்டு தட்டு தட்டுவார், அதிர்வில் திரும்பிப் பார்க்கும், வாய் திறக்கும். இன்னொன்று வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை. "தினு கண்ணா, தினு" என்றார். அடுத்ததிடம் தமிழ். மாற்றுத்திறன் பிள்ளைகளை அங்கன்வாடியில் எப்படி நடத்த வேண்டும் என்று 2023 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. நல்லதுதான். இந்த அம்மாள் அதைப் பார்த்ததில்லை. விரலால் தட்டைத் தட்டுவது அதில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

எனவே பெரியோர்களே, மூன்று வயசுக் குழந்தை தானாக எதையும் மறுப்பதில்லை. பாகற்காய் தவிர. அது மறுக்கிறது என்றால் முந்தின இரவு வீட்டில் பாடம் நடந்திருக்கிறது. வாத்தியார் நீங்கள்.

சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வரும் பையன்களைப் பற்றி இப்போது பெரிய கவலை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கயிறு கூடாது, நெற்றிக்குறி கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள். உடனே ஒரு கூட்டம் பண்பாடு போயிற்று என்று மாரில் அடித்துக்கொண்டது. பதினாறு வயசில் மணிக்கட்டில் தெரிகிற கயிற்றுக்கு முடிச்சு எப்போது விழுந்தது? பால்வாடிப் பாயில், "அவ ஆக்கின சோத்தத் திங்காத" என்று முதன்முதலாகக் காதில் ஓதினார்களே, அன்றைக்கு. கத்தரிக்கோலோடு மேல்நிலைப் பள்ளி வாசலில் நின்று என்ன பயன்?

ஓட்டலில் கேட்காத கேள்வியைப் பால்வாடியில் மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். தீட்டு என்று நினைக்கிறீர்களா? தீட்டு என்றால் பரோட்டாவுக்கும் உண்டு. விஷயம் சோறே இல்லை. சாவி. ஓட்டலில் சமைப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் அடுப்படியில் வேர்த்துக்கொண்டிருப்பார், நீங்கள் காசு கொடுக்கும் முதலாளி. பால்வாடியில் அவள் கையில் அரசாங்கச் சாவி. அவள் கதவைத் திறந்தால்தான் உள்ளே போகலாம். "வரிசையா உக்காரு, கை கழுவு, அடுத்த புள்ளையக் கிள்ளாத" என்று உங்கள் வாரிசை அவள் அதட்டுவாள், அதுவும் கேட்டுக்கொண்டு உட்காரும். மாதம் பிறந்தால் அவள் கணக்கில் சம்பளம் விழும், உங்கள் நிலத்தில் களை எடுக்க அவள் வர வேண்டியதில்லை. காலனிக்காரி ஒருத்தி ஊர்ப்பிள்ளைக்குத் தலைவியாக இருக்கிறாள். அதுதான் தொண்டையில் மாட்டுகிறது. சோறு பாவம், அதற்கு என்ன தெரியும்.

ஆகவே "தலைமை" என்ற சொல் மேடையில் முழங்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. தலைமை ஏற்கனவே அங்கே இருந்தது. நீங்கள் அதை வேறு ஊருக்கு மாற்றினீர்கள்.

மாற்றாதவர்களும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அடுத்த மாதமே கரூர் பக்கம் வேலன்செட்டியூரில் பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் பிரபுசங்கர் பள்ளிக்குப் போய் அந்த உணவைச் சாப்பிட்டதோடு நிற்காமல், வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பாயும் என்று பெற்றோரிடம் நேராகவே சொன்னார். அதே மாதம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலும் இதே கதை. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் ஆட்சியரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எட்டயபுரம் எந்த ஊர் தெரியுமல்லவா? பாரதி பிறந்த ஊர். காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர். அதன் பக்கத்து ஊரில், ஏறக்குறைய எழுபது வருடம் கழித்து, ஒரு எம்.பி.யும் ஒரு மந்திரியும் வந்து உட்கார்ந்தால்தான் ஒரு பெண் கிண்டிய உப்புமா உணவாகிறது.

மந்திரி சாப்பிடுகிற படம் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது. மாற்றல் ஆணையை விட அந்தப் படம் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் மந்திரிகளுக்குப் பசி எடுக்குமா?

1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சி சோறு போட ஆரம்பித்ததும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கியதும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்க 33 இடங்களில் தொடங்கியதும் துறையின் ஆண்டறிக்கையில் தவறாமல் வரும். அறிக்கையில் வராதது ஒன்று. சத்துணவுச் சமையலர், உதவியாளர் வேலைகளில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்கச் சொல்லி 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அதே உணவு உரிமை வழக்கில், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி வேண்டும் என்றும் சொன்னது. எதற்காகச் சொன்னது? மையம் ஊருக்குள் இருந்தால் காலனிப் பிள்ளை வாசலோடு நின்றுவிடுகிறது என்பதால். நாம் என்ன செய்தோம்? ஊர் பால்வாடி, காலனி பால்வாடி என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். இலக்கு முடிந்தது என்று அறிக்கை அனுப்பினோம். நீதிமன்றம் தந்த மருந்தையே நோயாக மாற்றும் வித்தை உலகத்தில் நம்மைத் தவிர யாருக்கும் வராது. காலனியில் ஒரே மையம் இருந்தால் இன்னும் சுலபம், ஊர்ப்பிள்ளை டை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏறிவிடும்.

திருத்தணியில் இதற்கு ஒரு கூடுதல் அழகு உண்டு. சூரனோடு போரிட்டு, பிறகு வேடர்களோடும் மோதி, முருகனின் கோபம் தணிந்த மலை இது என்று தலபுராணம் சொல்கிறது. எதற்காக வேடர்களோடு மோதினார்? வள்ளிக்காக. தினைப்புனம் காத்த வேடர் வீட்டுப் பெண். தேனும் தினைமாவும் அவள் கையால் வாங்கித் தின்றார் சாமி. ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடி தூக்கிவந்து வள்ளி மணாளனுக்கு அரோகரா போடுகிறோம். டிசம்பர் 31 இரவு 365 படிக்கும் பூஜை போடுகிறோம், படிக்கு ஒரு நாள் என்று கணக்கு. அப்படியே அடிவாரத்தைத் தாண்டி நாலு மைல் போனால் ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் இருளர் வீடுகள். வீடு என்பது மரியாதைக்கு. திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலும் இவர்கள்தான். அவர்கள் வீட்டு வள்ளிக்கு மூன்று வயசு. அவள் எந்தப் பால்வாடியில் எழுதப்பட்டிருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். சூளை எங்கே போகிறதோ அங்கே அவளும் போகிறாள் என்பார்கள். பெயர் ஒரு ஊரில், பிள்ளை வேறொரு ஊரில், சத்துமாவு மூன்றாவது ஊரில்.

மாவு வாங்குவதற்கும் இப்போது முகம் வேண்டும். 2025 ஜூலையிலிருந்து, வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்குத் தாயின் முகத்தைப் போஷன் டிராக்கர் செயலி அடையாளம் கண்டால்தான் பாக்கெட். அதற்கு ஆதார், ஆதாரோடு போன் எண், அந்த எண்ணுக்கு ஓ.டி.பி. சூளைக்காரரிடம் முன்பணம் வாங்கிய குடும்பத்தில் போன் யார் கையில் இருக்கும் என்று டெல்லிக்குத் தெரியாது. அரசாங்கம் இத்தனை வருடம் அந்த முகத்தைப் பார்க்காமலே இருந்தது. இப்போது மெஷினை வைத்துப் பார்க்கிறது, அதுவும் மாவு கொடுக்காமல் இருப்பதற்கு. பழங்குடிச் சாதிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கும் கதை தனி. அதை எழுதினால் இந்த இதழ் போதாது.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமா? மண்ணுக்காகச் சிறைக்குப் போனார்கள். தணிகை எங்களது என்று முழங்கினார்கள். மலை கிடைத்தது. மலையடிவாரத்து மனுஷன் எங்களவனா என்ற கேள்விக்கு எல்லைக் கமிஷன் எதுவும் போடவில்லை.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை, சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888 செப்டம்பர் 5 அன்று இங்கே பிறந்தார். அதனால்தான் அன்றைக்கு நாட்டுக்கே ஆசிரியர் தினம். திருத்தணியில் அந்த நாளில் சால்வை விற்றுத் தீர்ந்துவிடும். பால்வாடி டீச்சருக்கு மட்டும் சால்வை கிடையாது. ஏனென்றால் ஒன்றிய அரசின் கணக்கில் அவர் ஆசிரியரே இல்லை, ஊழியர்கூட இல்லை, "மதிப்பூதியத் தொண்டர்". ஒன்றிய அரசு 2018இல் நிர்ணயித்த மதிப்பு மாதம் 4,500 ரூபாய், ஆயாவுக்கு 2,250. தமிழ்நாடு தன் பங்குக்கு ஊதிய விகிதம் வைத்துக் கூட்டிக் கொடுக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது. எடை பார்ப்பது, உயரம் பார்ப்பது, தடுப்பூசிக்குக் கூட்டிவருவது, கர்ப்பிணி கணக்கு, செயலியில் பதிவு, இதற்கு நடுவில் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைவது. இத்தனையும் செய்கிறவருக்குத் தொண்டர் என்று பெயர். பேனர் வைக்கும் நாளில் மட்டும் "சமூக மாற்றத்தின் தலைவிகளே" என்று எழுதுவார்கள். பேனரில் அவர் படம் இருக்காது. வேறு யார் படம் இருக்கும் என்பது நீங்கள் அறிந்ததே.

முருகனுக்குக் கோபம் தணிந்தது. எனக்குத் தணியவில்லை. மூன்று வயசுப் பிள்ளையின் வாயில் சொல்லைத் திணித்து, அந்தப் பிள்ளையைக் கேடயமாக முன்னால் நிறுத்தி, பின்னால் மீசையை முறுக்குகிற ஆண்களைப் பார்க்கும்போது தணியாது. பெண்களும் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பீர்கள். போடுகிறார்கள். அவிநாசி வழக்கில் தண்டனை வாங்கிய ஆறு பேரில் பெண்ணும் உண்டு. தாய்மை என்று கவிதை எழுதுகிறவர்கள் அந்தத் தீர்ப்பு நகலையும் ஒரு முறை படித்தால் நல்லது.

அதிகாரிகளுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. 2015இல் திருத்தி 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சமூகப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருக்கிறது. புறக்கணிப்போம் என்று மிரட்டினாலே போதும். அந்தச் சட்டத்தின் நான்காவது பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். "ஆயாவை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்று நாற்பது பேர் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு மனுக் கொண்டுவருகிறார்கள். குற்றவாளிகள் தாங்களாகவே ஒப்புதல் வாக்குமூலம் எழுதி, அதற்கு நகல் எடுத்து, ரசீதும் கேட்கிற நாடு இது ஒன்றுதான். மனுவை மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள். தேதியும் முத்திரையும் போடுங்கள். மாற்றல் ஆணை தட்டும் மேசைக்கு அனுப்பாமல் போலீஸ் நிலையத்துக்கு அனுப்புங்கள். ஆயா மறுநாள் காலையில் அதே கதவை அதே சாவியால் திறக்கட்டும்.